இரும்பு வைக்காத கூடை

புரட்டாசி 3, வெள்ளி

இந்த நோட்டு ஜெசிந்தா டீச்சர் கொடுத்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்ததில் ஒன்று மிஞ்சிவிட்டது. "கனியக்கா, நீங்களும் எழுதுங்க" என்று என் மடியில் போட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது சத்துணவு பொங்கத்தான். பூண்டு உரித்துக்கொண்டே ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கி வாங்கி எழுத்துக் கூட்டப் பழகியவள். என் எழுத்து உதிரிச் சோறு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும்.

விஷயம் எங்கே தொடங்கியது என்றால், கோழியில். என் கருப்பிக் கோழி சமையல் கூடத்துக்குப் பின்னால் சாமான் அறையில் அடைக்குப் படுத்துவிட்டது. வீட்டுக்குத் தூக்கிப் போனால் திரும்பி ஓடி வருகிறது. சரி, இங்கேயே கிட என்று கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு துண்டு இரும்பைச் செருகினேன். எங்கள் ஊரில் அப்படித்தான். இரும்பு இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை எல்லாம் கூமுட்டை ஆகிவிடும். இது ஐப்பசியை நோக்கிப் போகிற மாதம், சாயங்காலமானால் வானம் உறுமும்.

இதை அபினேஷ் பார்த்துவிட்டான். டிராக்டர் மெக்கானிக் மகன், கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணுவான். "இரும்பு எப்படி அத்தை இடியத் தடுக்கும்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் போனான். டீச்சர் சிரிப்பார், மூடநம்பிக்கை என்பார் என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியாது. ரெண்டு கூடை வச்சுப் பாத்துருவமா?" என்றார்.

ஒரு கூடையில் இரும்பு. ஒரு கூடையில் கிடையாது. மற்றதெல்லாம் ஒன்றுபோல. தினமும் பார்த்து எழுத வேண்டும். தாளை நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் 'பார்த்தது', அந்தப் பக்கம் 'நினைத்தது'. இரண்டும் கலந்துவிடக் கூடாதாம்.

இரண்டாவது கோழிக்கு எங்கே போவது? முப்புடாதி எழுந்து, "எங்க செவலையும் அடைக்குப் படுத்திருக்கு டீச்சர்" என்றாள். மெலிந்த பிள்ளை, அதிகம் பேசாது. அவள் அம்மா ஆவுடைத்தங்கம் எனக்கு மதினி முறை. கோடையில் வந்த கோழிச் சீக்கில் அவர்கள் வீட்டில் தொழுவத்துக் கோழி முழுக்கச் செத்து, செவலை ஒன்றுதான் தப்பியது. மறுபடி கோழி பெருக வேண்டுமானால் அந்த முட்டைகள்தான். அதையும் மகள் அழுததால் கொண்டுவந்து விட்டாள்.

எந்தக் கூடைக்கு இரும்பு இல்லை என்று சீட்டுக் குலுக்கினார்கள். செவலைக்கு விழுந்தது.

மதினி என்னைத்தான் பிடித்தாள். "ஏன், உன் கோழிக்கு மட்டும் இரும்பு, என் கோழி என்ன அனாதையா? முட்டை கூமுட்டையாச்சுன்னா ஒன் டீச்சரா வந்து அடை காப்பாவ?"

"சீட்டுல விழுந்தது மதினி. நான் என்ன செய்ய?"

"சீட்டு போட்ட கைக்கு எங்க வீட்டுத் தொழுவம் தெரியுமா?"

நான் செவலையின் கூடையில் வைக்கோலைச் சரிசெய்யக் குனிந்தேன்.

புரட்டாசி 4, சனி

புரட்டாசி சனிக்கிழமை. ஊரில் யாரும் கவுச்சி தொடவில்லை. கோழிகளுக்கு இந்த ஒரு மாதம்தான் நிம்மதி.

புரட்டாசி 6, திங்கள்

பிள்ளைகள் முதன்முதலாக எழுதியதை டீச்சர் வாங்கிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி: 'கோழி ஒரு வீட்டுப் பறவை. அது முட்டை இடும். அதற்கு இரண்டு கால்கள் உண்டு.' சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

டீச்சர், "இத கோழியப் பாக்காமலே எழுதலாமில்லா? நம்ம செவலை இன்னைக்கு என்ன செஞ்சா? அத யாரு சொல்லுவா?" என்றார். எல்லாரையும் மறுபடி அறைக்கு அனுப்பினார். பேசக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றை வடித்துவிட்டேன், அப்போதும் வரவில்லை. அப்புறம் அபினேஷ் எழுதிக்கொண்டு வந்தது இது: 'கோழி கண்ணை மூடும்போது கீழ் இமை மேலே ஏறுகிறது. நம் கண் மாதிரி மேலிருந்து கீழே வரவில்லை.'

நான் பிறந்ததிலிருந்து கோழியோடு கிடக்கிறேன். என் கல்யாணத்துக்கே எங்கள் அம்மா சீரோடு கோழி கொடுத்துவிட்டாள்; அது வண்டியில் வரும்போது மாப்பிள்ளை வேட்டியில் எச்சம் போட்டு, அன்றிலிருந்து இவருக்குக் கோழி என்றாலே ஆகாது, அது வேறு கதை. இத்தனை வருசத்தில் இந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கருப்பி என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடினாள். ஆமாம். தரையிலிருந்து திரை ஏறுகிற மாதிரி, கீழே இருந்து மேலே.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

புரட்டாசி 8, புதன்

இன்றைக்குக் கண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாமான் அறைக் கதவை அடைத்து, சன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டோம். இருட்டு. டீச்சர் செல்போன் வெளிச்சத்தின் மேல் அட்டைக் குழல் ஒன்றை வைத்து, அதன் வாயில் செவலையின் முட்டை ஒன்றை நிறுத்தினார். முட்டை எரிகிற விளக்கு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே சிவப்பு நரம்புகள், நூல் நூலாக, நாலா பக்கமும் ஓடின. அவை கூடுகிற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது.

எல்லாரும் அட்டைக் குழலைச் சுற்றி நெருங்கினோம். ஒரு பிள்ளை, "டீச்சர், அதுக்கு நம்மளத் தெரியுமா?" என்றது.

வெளியே வந்து எழுதச் சொன்னார். 'மாதிரி' என்று எழுதினால் அது யாரும் சொல்லாத மாதிரியாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஒருவன் 'கண்மாய் வற்றும்போது தண்ணீர் பிரிந்து போன தடம் மாதிரி' என்றான். முப்புடாதி எழுதியது: 'அழுதபின் எங்கள் அம்மாவின் கண் மாதிரி.'

டீச்சர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

புரட்டாசி 11, சனி

காலாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. டீச்சர் கடற்கரைப் பக்கம் தன் ஊருக்குப் போகிறார். அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். தினமும் கோழிகளை இறக்கி இரை வைத்து, பார்த்ததை நான்தான் எழுத வேண்டும். பள்ளி திறந்ததும் நான் எழுதியதைப் பிள்ளைகள் முன்னால் வாசிப்பாராம்.

"பிள்ளைங்க கணக்கு இப்போ உங்க கையிலதான்க்கா" என்றார். பள்ளி திறக்கிற வாரத்து வெள்ளிக்கிழமை, முட்டை பொரிக்கிற அன்றைக்குப் பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். இடிக்கு இரும்பு வேண்டுமா வேண்டாமா, பிள்ளைகள் தாங்கள் கண்டுபிடித்ததை எழுதி வாசிக்கப் போகிறார்கள்.

நான் எழுதியதை வாசிப்பது என்றதும் 'பார்த்தது' என்று பத்துத் தடவை எழுதிப் பழகினேன்.

புரட்டாசி 13, திங்கள்

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. டீக்கடை தவசி இரும்புக் கட்சி. "எங்க தாத்தா காலத்துல இரும்பு வைக்காத கூடையில ஒத்த குஞ்சு பொரிக்கல" என்கிறான். அவன் தாத்தா கோழி வளர்த்ததே இல்லை; ஆடுதான். எங்கள் வீட்டுக்காரரும் அதே கட்சி. கோழி மேல் உள்ள கோபத்தில் சேர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

"ஒன் கருப்பி முட்டை பூராவும் கூமுட்டையாகட்டும்டி, நான் சந்தோசமா பஞ்சாயத்துக்கு வாரேன்" என்கிறார்.

"இரும்பு இருக்கிறதே கருப்பிக் கூடையிலதான். நீங்க எந்தக் கட்சின்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க" என்றேன். யோசித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

புரட்டாசி 15, புதன்

மத்தியானத்திலிருந்தே மேற்கே கறுத்துக் கிடந்தது.

இன்றைக்கு எல்லாருக்கும் தாகம். நான் சாமான் அறையில் இருக்கும்போது முதலில் அபினேஷ் வந்தான். கோழியைப் பார்க்க வந்தேன் என்றான். பார்த்தான். "தண்ணி தாங்க அத்தை" என்றான். நான் எடுத்து வருவதற்குள் கூடைப் பக்கமிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொடுத்த தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பின்னாலேயே முப்புடாதி. அவளுக்கும் தண்ணீர். அப்புறம் ஆவுடைத்தங்கம் மதினி முந்தானையில் கம்பு கட்டிக்கொண்டு வந்தாள்.

"செவலைக்குக் கொஞ்சம் இரை கொண்டாந்தேன். ஒரு செம்பு தண்ணி குடு, நாக்கு வறளுது."

கொடுத்தேன்.

சாயங்காலம் இடி இடித்தது. வீட்டுக் கூரைத் தகடு அதிர்ந்தது. இந்த வருசத்தில் இப்படி ஓர் இடி இல்லை. நான் முக்காடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். செவலை அசையவில்லை. இறகை விரித்து எல்லா முட்டையையும் அணைத்தபடி இருந்தாள். அந்தக் கண் மட்டும் என்னையே பார்த்தது.

கதவுத் தாழ்ப்பாளின் ஆணி ஒன்று கழன்றுகொண்டது. கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன்.

செல்போனில் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார். மழை இரைச்சலில் எடுக்கவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

காலையில் செவலையை இரைக்கு இறக்கிவிட்டு வைக்கோலைச் சரிசெய்தேன். கை எதிலோ தட்டியது. டிராக்டர் போல்ட்டில் முடுக்குகிற பெரிய மரை ஒன்று. இன்னும் தள்ளினால் கூந்தல் ஊசி. அடியில் பாதி மாட்டு லாடம். ஓரத்தில் ஒரு ஆணி.

மரை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஊசி தினமும் என் முன்னால் சோற்றுக்குத் தட்டு நீட்டுகிற முப்புடாதியின் தலையில் இருப்பது. அவள் அப்பா மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர். ஆணியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரும்பு வைக்காத கூடையில் கருப்பியின் கூடையைவிட அதிக இரும்பு கிடக்கிறது.

வெளியே எடுத்துப் போட்டிருக்கலாம். கை போகவில்லை. மறுபடி இடித்தால்?

வகுப்புக்கான தாளில் 'பார்த்தது' பக்கம் இப்படி எழுதினேன்: 'நேற்று பெரிய இடி. கோழிகள் பயப்படவில்லை. முட்டைகள் நலம்.' எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு முறை வாசித்தேன், இரண்டு முறையும் என்னமோ உறுத்தியது. புளி கரைக்கும்போது கொட்டை விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்குமே, அப்படி.

புரட்டாசி 18, சனி

ஒன்றும் விசேஷமில்லை. லாடம் அங்கேயேதான் இருக்கிறது.

புரட்டாசி 20, திங்கள்

பள்ளி திறந்தது. டீச்சர் என் தாளை வாசித்தார். என் உதிரி எழுத்து அவர் வாயில் கோத்துக்கொண்டு போனது. நான் வாசற்படியில் நின்று கேட்டேன். "எவ்வளவு அழகா பாத்திருக்காங்க. கைதட்டுங்க" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டினார்கள்.

டீச்சர் பலகையில், 'இரும்பு இல்லாத கூடையில் இடிக்குப் பின்னும் முட்டைகள் நலம். ஆகவே' என்று எழுதிவிட்டு, "ஆகவே என்ன? சொல்லுங்க" என்றார்.

அந்த 'ஆகவே' பலகையில் நின்றது.

முப்புடாதி எழுந்தாள். "டீச்சர், ஆகவே போடாதீங்க."

"ஏம்மா?"

"நான் ஊசி வச்சிட்டேன் டீச்சர். இடிக்கு முன்னாடி." நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா செவலை ஒண்ணுதான எங்களுக்கு இருக்கு."

அபினேஷ் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினான். "மரை வச்சேன் டீச்சர். எங்கப்பா இன்னும் தேடிட்டு இருக்காவ."

"எங்கம்மா லாடம் வச்சாவ" என்று முப்புடாதி சேர்த்துச் சொன்னாள்.

எல்லாரும் டீச்சரையே பார்த்தார்கள். நான் படியிலிருந்து உள்ளே வந்தேன். பலகைக்கு முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை. "அந்தத் தாழ்ப்பாள் ஆணி நான் வச்சது டீச்சர். மத்தவங்க வச்சதையும் பாத்தேன். எழுதல. பாத்த பக்கத்துல அது இல்ல."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கனியக்கா, அன்னைக்கு நான் உங்களுக்கு எதுக்குப் போன் போட்டேன் தெரியுமா? எங்க ஊர்ல இருந்து பாத்தா உங்க பக்கம் மின்னல் வெட்டுது. ஒரு இரும்ப வச்சிருங்கன்னு சொல்லத்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அபினேஷ் சிரிக்கவில்லை. "அப்போ வெள்ளிக்கிழமை என்னத்த வாசிக்க? எல்லாம் வீணாப் போச்சா?"

டீச்சர் பலகையில் 'ஆகவே' என்பதை அழித்தார். "தெரியல. முதல்ல நடந்தத எழுதுவோம். இடி இடிக்கிறப்போ உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு, கை என்ன செஞ்சுச்சு. அதையும் பாத்தவங்க நீங்கதான."

முப்புடாதி எழுதியதை டீச்சர் எனக்கு வாசிக்கக் கொடுத்தார். 'வானம் கறுத்ததும் தண்ணீர் கேட்டேன். தாகம் இல்லை. ஒரு கை வைக்காதே என்றது. இன்னொரு கை அதற்குள் ஊசியைக் கழற்றிவிட்டது. தலைமுடி கண்ணில் விழுந்தது. செவலை என்னைக் கொத்தவில்லை.'

இவ்வளவு சின்னப் பிள்ளைக்குள் இவ்வளவு இடம் எங்கே இருந்தது?

புரட்டாசி 23, வியாழன்

முட்டை பேசுகிறது.

காலையில் காது வைத்துக் கேட்டது அபினேஷ்தான். கத்திக்கொண்டு ஓடி வந்தான். வரிசையாக எல்லாரும் காது வைத்தோம். ஓட்டுக்குள்ளிருந்து 'கீக்... கீக்...' மூடிய வீட்டுக்குள் யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி. அதற்குச் செவலை அடித்தொண்டையில் 'க்ளுக்' என்றாள். உள்ளே சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'கீக்'.

இன்னும் பிறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குள் என்ன பேச்சு அவர்களுக்கு?

ஆவுடைத்தங்கம் மதினி வந்தாள். மகள் எல்லாவற்றையும் வகுப்பில் போட்டு உடைத்துவிட்டதில் என் மேல் கொஞ்சம் முறைப்பு. காது வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. "ஏ ஆத்தா" என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசி 24, வெள்ளி

பொரித்துவிட்டன. இரண்டு கூடையிலும். கூமுட்டையும் இரண்டு கூடையிலும் இருந்தது. ஈரமாக, சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி தலை கலைந்து, நிற்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்தன. மூக்கு நுனியில் ஓட்டை உடைக்க ஒரு குட்டி முள். அதையும் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

சாயங்காலம் ஊர் கூடிவிட்டது. தவசி டீக்கடையை அடைத்துவிட்டு வந்தான். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்தார்கள். கண் மூடுகிற விதம், சிவப்பு நரம்பு, துடித்த புள்ளி. ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசித் தாள் முப்புடாதிக்கு.

"இடிக்கு இரும்பு வேண்டுமா என்று எங்களுக்குத் தெரியாது. இரும்பு வைக்காத கூடையில் நாங்கள் இரும்பு வைத்துவிட்டோம். அதனால் தெரியாது."

தவசி, "மூணு வாரம் பாத்துத் தெரியாதா? அதுக்கா பள்ளிக்கூடம்?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். முப்புடாதி தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆவுடைத்தங்கம் மதினி குரல் வந்தது. "ஏன் தவசி, ஒங்க தாத்தா பாத்தாரே, அவரு கூடைய ஒரு நாளாவது கெளறிப் பாத்தாரா, உள்ள எவ என்னத்த வச்சான்னு?"

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. தவசியும் சிரித்துவிட்டான்.

மதினி முன்னால் வந்தாள். டீச்சரைப் பார்த்து, "மறுக்க வைங்க டீச்சர், இன்னொரு தடவை பாத்துருவோம். எங்க அக்கா வீட்டுல ஒரு கோழி அடைக்குக் கெடக்கு, நான் வாங்கித் தாரேன். கோழி பெருக்கணும்னு நான் வாங்கி வச்ச முட்டை பானையில இருக்கு, அதையே வைங்க. இரும்பில்லாத கூடையிலயே வைங்க" என்றாள்.

"போச்சுன்னா மதினி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"போனாப் போவுது. எம்மவ தெரியாதுன்னு வாசிச்சிட்டு நிக்கா பாரு."

தவசி தன் வீட்டுக் கோழியை மற்றக் கூடைக்குத் தருகிறேன் என்றான்.

புரட்டாசி 29, புதன்

புதுக் கூடைகள் வைத்தாயிற்று. வைக்கோலைப் பிள்ளைகள் ஒவ்வொரு இழையாக உதறிப் பார்த்தார்கள். தாழ்ப்பாளுக்கு மரத்தில் ஆப்பு செதுக்கிக் கொடுத்தார் எங்கள் வீட்டுக்காரர். குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றதை நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். அது எச்சம் போட்டது. வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

ஐப்பசி 6, வியாழன்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு மேற்கே மூட்டம் போட்டது. இந்த மழை வேறு மாதிரி வந்தது, காற்றை முன்னால் அனுப்பிவிட்டு. முதல் இடிக்கே வேப்பமரத்துக் காகம் எல்லாம் கிளம்பிவிட்டது.

நான் வீட்டில் அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெங்காயம் நறுக்கினேன். இன்னொரு இடி. அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. பார்க்கத்தான் போகிறேன், பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மழையில் இறங்கினேன்.

சாமான் அறை வாசலில் எனக்கு முன்னாலேயே ஒருத்தி நின்றாள். தலையில் யூரியாச் சாக்கு. ஆவுடைத்தங்கம் மதினி. தொப்பலாக நனைந்திருந்தாள். கதவை அவள் தொடவில்லை. உள்ளே கோழி மெல்லக் கொக்கரித்தது.

நான் அவள் கையைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் அவள் முதலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நானும் விரித்தேன். இடி வருகிற வரைக்கும், வந்த பிறகும், இரண்டு பேரும் கையை மடக்காமல் மழைக்குக் காட்டியபடி நின்றோம்.